வெண்புள்ளி: நோயும் பெயரும்

தில்லி மாநகரிலிருந்து ரயிலேறிச் செல்வோர், தண்டவாளத்தை ஒட்டிய மதிற்சுவர்களில் பெரிய எழுத்துக்களில் தீட்டப்பட்ட வைத்திய விளம்பரங்களைக் கண்டிருப்பார்கள். ‘சஃபேத் தாக்’ என்ற இரு சொற்கள் அவற்றில் அடிக்கடி வரும். வெள்ளைக் கறை என்பது அவற்றின் பொருள். தமிழ்நாட்டிலிருந்து உத்தியோக நிமித்தம் வடக்கே வந்த நம் போன்றோர், இந்தி எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கப் பழகிய காலத்தில் முதன்முதலாகப் படித்த சொற்களுள் இவையும் சேரும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதே நோயை வெவ்வேறு பெயர்களால் அறிவார்கள். பெங்களூரில் இருப்பவர்கள் ‘தொன்னு’ என்று கேட்டிருப்பார்கள், ஆந்திர நாட்டில் ‘பொல்லி’, கேரளத்தில் ‘வெள்ளப்பாண்டு’, கல்கத்தாவில் ‘ஷ்வேதி’, பம்பாயில் ‘கோட்’. இந்தக் கடைசிச் சொல் கவனிக்கத் தக்கது. மராட்டியில் ‘கோட்’ என்றால் தோலில் படரும் வெண்மை. தொழுநோய்க்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. அதற்கு உறவான ‘கோட்’ என்னும் இந்திச் சொல்லோ தொழுநோயையே குறிப்பது. எல்லை கடந்தவுடன் ஒரே வேரிலிருந்து வந்த சொல் மற்றொரு நோயின் பெயராகிவிடுகிறது. தமிழில் நெடுங்காலமாக வழங்கிவந்த பெயர் யாது? ‘வெண்குஷ்டம்’. இந்தப் பெயரின் வரலாற்றையும், இந்நோயின் காரணத்தை மனிதன் தேடிய வரலாற்றையும் இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

நாம் வைத்தியரல்லோம், கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். இந்தப் பொருளில் நமக்கு ஈடுபாடு ஏற்பட்டதற்கு நம்முடைய தவறொன்றே காரணம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சுகாதாரத் துண்டறிக்கையைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. மூலத்தில் ‘லூகோடெர்மா’ என்று இருந்தது. கைக்கெட்டிய பழைய அகராதியைப் புரட்டினோம். ‘வெண்குஷ்டம்’ என்று கண்டோம். அவ்வாறே எழுதி அனுப்பிவிட்டோம். துண்டறிக்கை அச்சாகிச் சில வாரங்கள் சென்றபின், நாம் வசித்த குடியிருப்பிலேயே வேறொரு வரிசையில் இருந்த தஞ்சை மாவட்டத்து அன்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய மகளுக்குப் புறங்கையிலும் உதட்டோரத்திலும் வெண்மை படர்ந்திருந்தது. அது வரன் பேசிக்கொண்டிருந்த சமயம்.

“ஸார், இது குஷ்டம் இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் நாங்கள் தைரியமாக இருந்தோம். சர்க்கார் காகிதத்திலேயே குஷ்டம் என்று போட்டிருக்கிறதே! பிள்ளை வீட்டார் பார்த்தால் நான் என்ன பதில் சொல்வேன்?” என்றார்.

எழுதிய கை நம்முடையது என்பதை அவர் அறியார். அன்று அதை அவரிடம் கூறும் துணிவு நமக்கு வரவில்லை. அவர் சென்றபின், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினோம்.

தேடியதில் முதலில் தெரிந்தது வியப்பையே அளித்தது. நம் நாட்டின் மிகப் பழைய நூல்கள் இந்த இரு நோய்களையும் தனித்தனியே பெயரிட்டு வழங்கியிருக்கின்றன. அதர்வ வேதத்தின் முதற் காண்டத்தில் அடுத்தடுத்து வரும் இரு சூக்தங்கள், தோலின் வெண்மையைப் போக்குமாறு கருநிறமுள்ள மூலிகையை வேண்டுகின்றன. அங்கே இந்நோய்க்குப் பெயர் ‘கிலாசம்’. தலைமயிர் வெளுப்பதாகிய ‘பலித’மும் அதே மூச்சில் அங்கே கூறப்படுகிறது. தோல் வெளுப்பதையும் நரையையும் ஓரினமாகக் கண்ட அப்பழையோரின் பார்வையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

பௌத்த விநய நூல், சங்கத்தில் துறவு பெறத் தடையாகும் ஐந்து நோய்களைக் கூறுகிறது. அந்தப் பட்டியலில் குட்டமும் கிலாசமும் இரண்டாகவே எண்ணப்பட்டுள்ளன. மனு நூல் பெண்ணெடுக்கத் தகாதவை என்று விலக்கிய குடும்பங்களின் வரிசையிலும் ‘சுவித்திர’மும் ‘குஷ்ட’மும் தனித்தனிச் சொற்களாகவே நிற்கின்றன. பெயரளவில் பிரித்தறிந்தார்கள், ஆனால் விலக்குவதில் பிரிக்கவில்லை. சரகர் இந்நோயைக் குஷ்டங்களைப் பற்றிய அத்தியாயத்தின் இறுதியில் சேர்த்துக் கூறினார். பொய் பேசுதல், நன்றி மறத்தல், பெரியோரை இகழ்தல், முற்பிறப்பின் வினை, ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு ஆகியவற்றை இதன் காரணங்களாகவும் வகுத்தார். மீனையும் பாலையும் சேர்த்துண்டால் உடம்பு வெளுக்கும் என்று இன்றும் வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பது இந்தப் பழைய கருத்தின் எஞ்சிய நிழலே. அதற்கு ஆதாரம் எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. நோயாளியே தன் நோய்க்குக் குற்றவாளி என்ற எண்ணமும் அங்கிருந்தே தொடர்ந்து வருகிறது.

மேலை நாடுகளில் இந்தக் குழப்பத்தை வளர்த்ததில் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தொழில்முறையில் நாம் தலைகுனிந்து ஒப்ப வேண்டிய செய்தி இது. எபிரேய வேதத்தின் லேவியராகமம் ‘த்ஸாராஅத்’ என்று ஒன்றைக் கூறுகிறது. தோலில் மட்டுமன்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் அது தோன்றும் என்கிறது. ஆகவே அது குறிப்பிட்ட ஒரு நோயன்று. சடங்கு முறையில் தீட்டென்று கருதப்பட்ட பல மாசுகளின் பொதுப்பெயர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘லெப்ரா’ என்ற சொல்லை இட்டார்கள். கிரேக்க வைத்தியர்களிடையே அச்சொல் செதில் செதிலாக உதிரும் தோல் நோயைக் குறித்தது. பின்னர் அரபு வைத்திய நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், தொழுநோயைக் குறிக்கும் ‘ஜுதாம்’ என்ற சொல்லுக்கும் அதே ‘லெப்ரா’வை வைத்தார்கள். ஒரு சொல்லின் மீது மூன்று நோய்கள் ஏற்றப்பட்டன. அரபு வைத்தியர்களோ ‘ஜுதாம்’ வேறு, தோலின் வெண்மையாகிய ‘பரஸ்’ வேறு என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். தெளிவு மூலத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பில் அது தொலைந்தது.

இன்று உலகமெங்கும் வைத்தியர்கள் வழங்கும் ‘விட்டிலிகோ’ என்ற பெயர் லத்தீனைச் சேர்ந்தது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கெல்ஸஸ் தம் வைத்திய நூலில் இதைப் பயன்படுத்தினார். குறை அல்லது மறு என்ற பொருளுடைய ‘விட்டியம்’ என்ற சொல்லிலிருந்து இது பிறந்தது என்பர் சிலர். கன்றின் உடலிலுள்ள வெள்ளைத் திட்டைக் கருதி அமைந்தது என்பர் வேறு சிலர்.

1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற வைத்தியர் தொழுநோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின் ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது, நரம்பைத் தாக்குவது, அதன் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும், நிறமும் முழுதும் பால்வெண்மையாக இராது. வெண்புள்ளியிலோ கிருமி இல்லை. திட்டில் தொடுவுணர்ச்சியும் சூடும் குளிரும் மற்ற இடத்தைப் போலவே தெரியும். நிறம் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும். தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே துணியை உடுப்பதாலோ அது பிறரை அணுகாது. தொழுநோயும் இன்று மருந்துகளால் முற்றும் தீரக்கூடியது என்பதையும் உடன் கூறிவிட வேண்டும். ஒரு நோயாளியின் பழியைத் துடைப்பதற்காக மற்றொரு நோயாளியின் மீது அதைச் சுமத்துவது நம் நோக்கமன்று.

சட்டத்தின் சொல்லுக்கு மிகுந்த வலிமை உண்டு. 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், கடுமையான, தீராத தொழுநோயை மணமுறிவுக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. அந்தப் பிரிவு வெண்புள்ளிக்கு உரியதன்று. ஆயினும் ‘வெண்குஷ்டம்’ என்ற பெயரைச் சுமந்த குடும்பங்களில் அந்தச் சொல்லின் நிழல் விழாமல் இருந்திருக்குமா? 2019-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம், விவாகச் சட்டங்களிலிருந்து தொழுநோய் என்னும் காரணத்தையே நீக்கிவிட்டது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சொல் அங்கிருந்து அகன்றது.

இனி வைத்தியத்தின் வரலாற்றைக் காண்போம். கார்போகரிசியை அறியாத நாட்டு மருந்துக் கடை இல்லை. வடமொழியில் இதற்கு ‘வாகுசி’ அல்லது ‘பாகுசி’ என்று பெயர். இதன் விதையை அரைத்துப் பூசியும் உள்ளுக்குக் கொடுத்தும் வெண்மைக்கு மருந்து செய்தனர் நம் வைத்தியர். மருந்துண்டபின் நோயாளி வெயிலில் இருக்க வேண்டும் என்ற விதியும் சரகத்தில் காணப்படுகிறது. எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் சீரகக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையை இதே முறையில் பயன்படுத்தினர். பெர்பெர் மக்கள் அறிந்திருந்த இம்மருந்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னுல் பைத்தார் என்ற மூலிகை நூலாசிரியர் எழுதிவைத்தார். விதையை உண்டு, வெண்திட்டை வெயிலில் காட்ட வேண்டும் என்பதே அங்கும் முறை. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார் இருவேறு செடிகளைக் கொண்டு ஒரே வழியை அடைந்திருக்கின்றனர்.

1933-ஆம் ஆண்டில் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்ற இந்திய ரசாயன அறிஞர்கள் மூவர் கார்போகரிசியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அது ‘ஸோரலென்’ எனப்படுகிறது. 1947-இல் எகிப்தில் பஹ்மியும் அவருடைய துணைவரும் மேற்சொன்ன எகிப்திய விதையிலிருந்து அதன் நெருங்கிய உறவான பொருளைப் பிரித்தனர். 1948-இல் கெய்ரோவில் எல் மோஃப்தி என்ற தோல் வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து வெயிலில் நிறுத்தி, பலன் கிடைத்ததை வெளியிட்டார். எழுபதுகளில் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்கு வந்தது. 1997-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார், ஸோரலென் இல்லாமலே, சுமார் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மட்டும் வாரத்தில் இருமுறை செலுத்தி நற்பயன் காட்டினர். இன்று பல ஆஸ்பத்திரிகளில் உள்ளது இம்முறையே.

கார்போகரிசியைத் தாமே அரைத்துப் பூசி நண்பகல் வெயிலில் நிற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அளவு தவறினால் தோல் கொப்புளித்து வெந்துபோகும்; அந்தப் புண் ஆறும் இடத்தில் புதிய வெண்மை தோன்றவும் கூடும். பழைய மருந்து என்பதால் தீங்கற்ற மருந்து என்று கொள்ளலாகாது.

மருந்து பலித்தது; ஆனால் நோய் ஏன் வருகிறது என்பது விளங்கவில்லை. தோலின் மேற்படலத்தின் அடியில் ‘மெலனோசைட்’ என்னும் நிற அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளைகளை நீட்டித் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோலணுக்களுக்கு ‘மெலனின்’ என்ற கருநிறப் பொருளை வழங்குகிறது. கறுப்பர், வெளுப்பர் எல்லோருடைய உடலிலும் இந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. வழங்கும் நிறத்தின் அளவும் வகையுமே வேறு. வெண்புள்ளி படரும் இடத்தில் இந்த அணுக்கள் அழிந்துபோகின்றன. அவற்றை அழிப்பது யார்?

முதல் தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1939-இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்த தொழிலாளர் பலரின் கைகள் வெளுத்தன. ரப்பர் கெடாதிருப்பதற்காகக் கையுறையில் கலந்திருந்த ஒரு ரசாயனமே காரணம் என்று ஆய்ந்து கண்டனர். வெளியிலிருந்து வரும் ஒரு பொருள், மற்ற அணுக்களை விட்டுவிட்டு நிற அணுவை மட்டும் அழிக்கக்கூடும் என்பது இதனால் தெரிந்தது.

அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஆரன் லெர்னர் என்ற தோல் வைத்தியர் இந்நோயைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டார். தோலை வெளுக்கச் செய்யும் பொருளைத் தேடியபோது, 1958-இல் மாட்டு மூளையின் பீனியல் சுரப்பியிலிருந்து ‘மெலடோனின்’ என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அது வெண்புள்ளிக்கு விடையாகவில்லை. உறக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கே பின்னர் பயன்பட்டது. 1971-இல் லெர்னர் வேறொரு கருத்தை வெளியிட்டார். நிறத்தை உண்டாக்கும் வேலையே நஞ்சான இடைப்பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் குன்றினால் நிற அணு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்பது அக்கருத்து. அந்தக் கட்டுரை வெண்புள்ளியை மட்டுமன்றி நரையையும் சேர்த்தே ஆராய்ந்தது.

இதனை விளங்கிக்கொள்ள மற்றொரு வரலாற்றையும் தொட வேண்டும். நாம் உயிர்வாழ்வது பிராணவாயுவால். ஆனால் அதே பிராணவாயு உடலுக்குள் எரிசக்தியாகும்போது சிறு பகுதி சிதறி, அடங்காத துணுக்குகளாக மாறி, அருகிலுள்ளவற்றைச் சிதைக்கிறது. இரும்பில் துரு ஏறுவது போன்ற செயல் இது. 1954-இல் ரெபேகா கெர்ஷ்மன் என்ற அம்மையார், பிராணவாயுவின் நஞ்சும் கதிர்வீச்சின் நஞ்சும் ஒரே வழியில் செயல்படுகின்றன என்று காட்டினார். 1956-இல் டென்ஹம் ஹார்மன், மூப்புக்கும் இதுவே காரணமாகலாம் என்றார். 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இந்தத் துணுக்குகளை அடக்குவதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டனர். 1985-இல் ஹெல்முட் ஸீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், சிதைக்கும் சக்தி மிகுந்து காக்கும் சக்தி குறையும் நிலைக்கு ‘ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்’ என்ற பெயரை நிலைநாட்டினார்.

இந்தச் சொல்லைத் தமிழாக்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை ‘அழுத்தம்’ என்று எழுதினால் மன அழுத்தம் என்று கொள்வார்கள், “என் மகள் கவலைப்பட்டதாலா இது வந்தது?” என்று ஒரு தாய் கேட்பாள். ஆகவே ‘ஆக்ஸிகரண நெருக்கடி’ என்று நாம் எழுதுகிறோம். வரவுக்கு மிஞ்சிய செலவு வந்த குடும்பத்தின் நெருக்கடி போன்றது இது. நிற அணுவுக்கு மற்ற அணுக்களைவிடச் செலவு அதிகம். ஏனெனில் மெலனின் உண்டாகும் வழியிலேயே ‘ஹைட்ரஜன் பெராக்ஸைடு’ என்ற பொருளும் உண்டாகிறது.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு நேயர்களுக்குப் புதியதன்று. புண்ணைக் கழுவும்போது கம்பவுண்டர் ஊற்றுவார். அது நுரைத்துப் பொங்கும். நம் இரத்தத்திலும் தசையிலும் உள்ள ‘கேட்டலேஸ்’ என்ற நொதி அதை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிப்பதாலேயே அந்த நுரை எழுகிறது. மயிரை வெளுக்கச் செய்யப் பயன்படுத்துவதும் இதே பெராக்ஸைடுதான். 1991-இல் காரின் ஷால்ராய்ட்டர் என்ற ஜெர்மானிய அம்மையாரும் அவருடைய துணைவர்களும், வெண்புள்ளி உடையவர்களின் தோலில் கேட்டலேஸ் குறைந்திருப்பதை வெளியிட்டனர். வெளுத்த இடத்தில் மட்டுமன்றி, நிறம் மாறாத இடத்திலும் அது குறைந்தே இருந்தது என்பதுதான் குறிப்பிடத் தக்கது. குறை அந்தத் திட்டில் மட்டும் இல்லை. தோல் முழுவதிலும் இருக்கிறது. 1997-இல் ரோம் நகரத்து ஆராய்ச்சியாளர், இத்தகையோரின் நிற அணுக்கள் பெராக்ஸைடு வகைப் பொருள்களின் தாக்குதலுக்கு எளிதில் இரையாவதைக் காட்டினர். 1999-இல் ஷால்ராய்ட்டர், இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் நகரிலிருந்து, நோயாளியின் தோலை வெட்டாமலே ஒளிக்கதிரைச் செலுத்தி அங்கே பெராக்ஸைடு மிகுந்து தேங்கியிருப்பதைக் காட்டினார்.

ஆயினும் இது முழு விடையன்று. 1980-களிலேயே நோயாளியின் இரத்தத்தில் நிற அணுவை எதிர்க்கும் பொருள்கள் இருப்பது தெரிந்திருந்தது. உடலின் காவற்படையே தன் குடிகளை அயலாராக எண்ணித் தாக்குகிறது என்று ஒரு சாரார் கூறினர். 2009-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர், திட்டின் விளிம்பிலிருந்து எடுத்த காவல் அணுக்கள் நல்ல தோலிலுள்ள நிற அணுக்களைத் தேடிக் கொல்வதைச் சோதனையில் கண்டனர். இந்த இரு கருத்துக்களும் நெடுநாள் எதிரெதிராக நின்றன. இன்று அவை ஒரே கதையின் இரு பகுதிகளாக இணைந்துவிட்டன. நெருக்கடியில் அகப்பட்ட நிற அணு அபயக் குரல் கொடுக்கிறது. சில புரதங்களை வெளியே விடுகிறது. அந்தக் குரலைக் கேட்டுக் காவற்படை வருகிறது. வந்த படை, துன்புற்றவனையே பகைவன் என்று கொல்கிறது. மேலும் படைகளை அழைக்கிறது. நெருக்கடி தொடக்கம், காவற்படையின் மயக்கம் தொடர்ச்சி. யாருக்கு இவ்வாறு நேரும் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பது இல்லை.

இதற்குத் துயரமான சான்று ஒன்று 2013-இல் ஜப்பானில் கிடைத்தது. தோலைச் சிவப்பாக்கும் என்று விற்கப்பட்ட சில முகப்பூச்சுக்களில் ‘ரோடோடென்ட்ரால்’ என்ற பொருள் சேர்ந்திருந்தது. அதைப் பூசிய பல்லாயிரம் பேருக்கு முகத்திலும் கையிலும் வெண்திட்டுக்கள் தோன்றின. பூச்சுக்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மெலனினை உண்டாக்கும் நொதியே அந்தப் பொருளை நஞ்சாக மாற்றியது என்று ஆராய்ச்சி காட்டிற்று. நிறம் குறைய வேண்டும் என்று விரும்பியவர்கள் நிறத்தை இழந்தபோது அழுதார்கள். சிவப்புக்கு ஏங்கி, வெண்மைக்கு அஞ்சும் நம் நாட்டாரும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நெருக்கடியே தொடக்கமானால், அதைத் தணித்தால் நோய் நீங்க வேண்டுமல்லவா? அந்த நம்பிக்கையில் ஷால்ராய்ட்டர், கேட்டலேஸின் வேலையைச் செய்யும் செயற்கைப் பொருளொன்றைக் களிம்பாக்கி, 33 நோயாளிகளுக்குப் புற ஊதா ஒளியுடன் கொடுத்து, 1995-இல் நற்பலனை வெளியிட்டார். பின்னர் மற்றவர்கள் அவ்வகைக் களிம்பை, களிம்பில்லாத ஒளியோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. 2003-இல் சண்டிகரில் ‘கிங்கோ’ என்ற மரத்தின் இலைச்சத்தைக் கொடுத்துப் பார்த்தனர்; மெல்லப் படரும் நோய் பலருக்கு நின்றது. ஆனால் அது சிறு சோதனையே. ஆகவே ஆக்ஸிகரணத்தைத் தடுக்கும் மாத்திரைகள் ஒளிச் சிகிச்சைக்குத் துணையாகலாம் என்ற அளவிலேயே அறிஞர்கள் இன்று கூறுகின்றனர். காரணத்தை அறிவது வேறு, காரணத்தை வெல்வது வேறு என்பதற்கு இது சான்று.

கதையின் பிற்பகுதியைத் தடுத்தவர்களுக்கே முதலில் வெற்றி கிட்டியது. காவற்படையின் அழைப்பை இடைமறிக்கும் ‘ருக்ஸோலிடினிப்’ என்ற களிம்பை 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இந்நோய்க்கென அங்கீகரித்தது. இழந்த நிறத்தை மீட்பதற்கென்று அங்கே அங்கீகாரம் பெற்ற முதல் களிம்பு இதுவே. எல்லோருக்கும் இது முழுப்பலன் தருவதில்லை, விலையும் அதிகம். படர்வது நின்றுவிட்ட திட்டுக்களில், உடலின் வேறோர் இடத்துத் தோலை மெல்லியதாக எடுத்து ஒட்டும் முறையும் உண்டு. முகத்தில் நிறம் எளிதில் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் அரிது. மயிரும் வெளுத்துவிட்ட திட்டில் கடினம். ஏனெனில் புதிய நிற அணுக்கள் மயிர்க்காலிலிருந்தே ஏறி வருகின்றன. திட்டின் நடுவே எள்ளளவு கறுப்புப் பொட்டுக்கள் முதலில் தோன்றுவதன் காரணம் இதுவே. சுவரில் எழுதிய விளம்பரங்கள் வாக்களிப்பது போல் சில நாட்களில் எந்த மருந்தும் இதைத் தீர்ப்பதில்லை. பல மாதங்கள் ஆகும். தகுந்த தோல் வைத்தியரை நோய் படரும் தொடக்கத்திலேயே காண்பது நலம். தைராய்டு சுரப்பியின் கோளாறு சிலருக்கு உடன் இருப்பதால் அதையும் சோதித்துக்கொள்ளலாம்.

2009-இல் பிராட்ஃபர்ட் ஆராய்ச்சியாளர் மற்றொன்றையும் வெளியிட்டனர். வயதானவர்களின் நரைத்த மயிரின் வேரிலும் கேட்டலேஸ் குறைந்து, அதே பெராக்ஸைடு தேங்கியிருந்தது. தோலின் வெண்மையையும் தலைநரையையும் ஒரே சூக்தத்தில் வைத்துப் பாடிய பழைய மக்கள் ரசாயனம் அறிந்தவரல்லர். கண்ணால் கண்ட ஒற்றுமையைப் பதிவு செய்தனர், அவ்வளவே. ஆனால் அந்த ஒற்றுமையிலிருந்து நாம் கற்கக்கூடியது ஒன்று இருக்கிறது. நரை விழுந்தவரை எவரும் பந்தியிலிருந்து எழுப்புவதில்லை. பெராக்ஸைடு மயிர்க்காலில் தேங்கினால் மரியாதை. புறங்கையில் தேங்கினால் விலக்கா? உலக மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அணித்தாக இந்த வெண்மை உண்டு. நாம் வாழும் எந்த நகரத்தின் எந்தப் பேருந்திலும் அவர்கள் நம்முடன் பயணம் செய்கிறார்கள்.

தமிழில் இன்று ‘வெண்புள்ளி’ என்ற சொல் பரவி வருகிறது. நோயாளிகளின் நலம் நாடிய அன்பர்களின் முயற்சியால் வந்த நல்ல மாற்றம் இது. நம் துண்டறிக்கையும் அடுத்த அச்சில் திருத்தம் பெற்றது. திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு அந்தத் தஞ்சை அன்பரின் வீட்டுக்குச் சென்றோம். பழைய தவறு நம்முடையது என்பதையும் அன்று கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “ஒரு சொல்தானே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், ஸார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் மூன்று இடம் தட்டிப்போயிற்று” என்றார். அவருடைய மகள் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். திருத்திய தாளை எடுத்து நின்றபடியே ஒருமுறை முழுவதும் படித்தாள். “இதில் இன்னும் பத்துப் பிரதி கிடைக்குமா, மாமா? எங்கள் ஆபீஸில் கொடுக்க வேண்டும்” என்று கேட்டாள்.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம்.